கொல்கத்தாவில் நாடக அரங்கும் ஓவியக் காட்சியும் (1795–1944): பார்வையாளர் நோக்கில் ஒரு வரலாற்றாய்வு

முன்னுரை

பெருநகர் ஒன்றின் நாளிதழில் அன்றாட நிகழ்ச்சிகளை அறிவிக்கும் பகுதியில் ஓவியக் கண்காட்சிகளும் நாடகங்களும் அடுத்தடுத்து இடம்பெறுவது இன்று இயல்பான வழக்கமாகும். விருப்பமுள்ள யாரும் சென்று காணலாம் என்பதே அவ்வறிவிப்பின் உட்பொருள். இந்த ‘யாரும்’ என்னும் சொல் இந்திய நகரங்களில் எளிதாக வந்து அமைந்ததன்று. அச்சொல்லின் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. யார் காணலாம், யார் நடிக்கலாம், எதனைக் காட்டலாம் என்னும் வினாக்களுக்கு மாளிகை உரிமையாளரும் ஆட்சியாளரும் கலைஞரும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் தந்துள்ளனர். அவ்விடைகளைத் தெளிவாகக் காண்பதற்கு ஏற்ற நகரம் கொல்கத்தா ஆகும். இந்நகர் 2001ஆம் ஆண்டில் அலுவல்முறையாகக் கொல்கத்தா எனப் பெயர் மாற்றம் பெற்றது. எல்லாக் காலத்திற்கும் இப்பெயரே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

1795ஆம் ஆண்டில் உருசிய நாட்டார் ஒருவர் வங்க மொழியில் நாடகம் நிகழ்த்தியது தொடங்கி, 1944ஆம் ஆண்டில் பஞ்சத்தைப் பாடுபொருளாகக் கொண்ட ‘நவான்னம்’ மேடையேறியது ஈறாக உள்ள காலப்பகுதி இங்கு ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஒரு கலைப்படைப்பு என்ன சொல்கிறது என்பதைக் காட்டிலும், அது எத்தகைய பார்வையாளரை ஓரிடத்தில் ஒன்றுகூட்டுகிறது என்பதே ஆட்சியாளரின் அனுமதியையும் அச்சத்தையும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

மாளிகை அரங்கு

கெராசிம் லெபெதேவ் என்னும் உருசிய இசைவாணர் 1785இல் சென்னைக்கு வந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கினார். 1787இல் கொல்கத்தா சென்றார். கோலக்நாத் தாசு என்பவரிடம் வங்க மொழி பயின்ற அவர், ஆங்கில நாடகம் ஒன்றனை வங்க மொழிக்கு ஏற்பத் தழுவி 1795 நவம்பர் 27ஆம் நாள் தாம் அமைத்த அரங்கில் நிகழ்த்தினார். ஆண்களுடன் பெண்களும் அதில் நடித்தனர். 1796 மார்ச்சில் மறுமுறையும் அந்நாடகம் நடைபெற்றது. எனினும் அம்முயற்சி தொடரவில்லை. பின்வந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் வங்க நாடகத்திற்கெனப் பொது அரங்கு ஏதும் நிலைபெறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நாடகம் செல்வர் மாளிகைகளுக்குள்ளேயே வளர்ந்தது. பிரசன்னகுமார் தாகூர் 1831இல் ‘இந்து அரங்கம்’ அமைத்தார். நவீன்சந்திர பாசு 1835இல் சியாம்பசாரில் உள்ள தம் இல்லத்தில் ‘வித்யாசுந்தர்’ நாடகத்தை நிகழ்த்தினார். பைக்பாடா அரச குடும்பத்தாரின் பெல்காச்சியா மாளிகை அரங்கில் 1858இல் ‘ரத்னாவளி’ மேடையேறியது. அவ்வரங்கிற்கு வரும் ஐரோப்பிய விருந்தினர்க்காக அந்நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தவர் மைக்கேல் மதுசூதன தத்தர் ஆவார். 1848 முதல் 1856 வரை சென்னையில் ஆசிரியராகவும் இதழாளராகவும் வாழ்ந்து திரும்பியவர் அவர். ‘ரத்னாவளி’யின் தரத்தில் மனநிறைவு கொள்ளாத அவர் தாமே ‘சர்மிஷ்டா’ என்னும் நாடகத்தை எழுத, அது 1859இல் அதே அரங்கில் நடிக்கப்பெற்றது.

இம்மாளிகை அரங்குகளின் கலைத்தரம் உயர்ந்ததாயினும் அவற்றின் வாயில் அழைப்பிதழ் பெற்றவர்க்கே திறந்தது. பார்வையாளர் ஒவ்வொருவரும் மாளிகைத் தலைவருக்கு அறிமுகமானவர். ஆகவே அங்கு நிகழ்ந்த நாடகங்களைப் பற்றி ஆட்சியாளர் கவலை கொள்ளவில்லை. ஆளுநர்களும் நீதிபதிகளும் அவ்வரங்குகளில் விருந்தினராகவே அமர்ந்தனர்.

நுழைவுச்சீட்டும் பொது அரங்கும்

தீனபந்து மித்ரரின் ‘நீல தர்ப்பணம்’ 1860இல் டாக்காவில் வெளியாயிற்று. அவுரி பயிரிடுமாறு வங்க உழவரைக் கட்டாயப்படுத்திய ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளின் கொடுமையை அந்நாடகம் எடுத்துரைத்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1861இல் அவதூறுக் குற்றத்திற்கு ஆளாகி, ஒரு மாதச் சிறைத்தண்டனையும் 1000 ரூபாய் தண்டமும் பெற்றார். தண்டத்தொகையைக் காளிபிரசன்ன சிங்கர் உடனே செலுத்தினார். இங்கு வங்க மொழி மூலம் அச்சாகி விற்பனையில் இருந்தபோது எழாத வழக்கு, ஆங்கில வாசகரிடம் அது சென்றபோது எழுந்தது என்பது கருதத்தக்கது. நூலின் பொருள் ஒன்றே. வாசகர் மாறியபோது அதன் விளைவும் மாறியது.

இந்நாடகமே பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கொல்கத்தாவின் பொது அரங்கைத் திறந்து வைத்தது. பாக்பசார்ப் பகுதி இளைஞர் சிலர் ‘தேசிய நாடக அரங்கம்’ என்னும் பெயரில் ஒன்றுகூடி, ஜோராசாங்கோவில் மதுசூதன சான்யால் என்பாருடைய இல்ல முற்றத்தை வாடகைக்குப் பெற்று, 1872 டிசம்பர் 7ஆம் நாள் ‘நீல தர்ப்பண’த்தை நிகழ்த்தினர். அர்த்தேந்து சேகர் முஸ்தஃபி அதில் ஒருவராகவே பல பாத்திரங்களை ஏற்று நடித்தார். போதிய அரங்க வசதியின்றித் ‘தேசிய’ என்னும் பெருஞ்சொல்லைச் சூட்டிக்கொள்வது தகாது எனக் கருதிக் கிரீஷ் சந்திர கோஷ் அப்போது விலகி நின்றார்.

அன்று நிகழ்ந்த மாற்றம் இரண்டு வகையில் குறிப்பிடத்தக்கது. ஒன்று, நாடகம் நிகழ்ந்த இடம் இன்னமும் ஒரு செல்வரின் இல்ல முற்றமே. மற்றொன்று, அம்முற்றத்தில் நுழைவதற்கு இப்போது உறவோ அழைப்போ வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டு ஒன்றே போதும். ஒருவரையொருவர் அறியாத எழுத்தர், மாணவர், சிறுவணிகர் முதலியோர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, தம் காலத்து அநீதி ஒன்றைக் கூட்டமாகக் கண்டனர்.

அச்சில் வாசிப்பதற்கும் அரங்கில் காண்பதற்கும் உள்ள வேறுபாடு 1875இல் வெளிப்பட்டது. ‘பெரும் தேசிய நாடக அரங்க’க் குழுவினர் வட இந்தியப் பயணத்தின்போது இலக்னோவில் ‘நீல தர்ப்பண’த்தை நடித்தனர். ஐரோப்பிய முதலாளியைத் தோராப் என்னும் உழவன் தாக்கும் காட்சியில், பார்வையாளராக இருந்த ஐரோப்பியர் சினந்தெழுந்து மேடையை நோக்கிப் பாய்ந்தனர். நாடகம் நின்றது. குழுவினர் நகரை விட்டு விரைந்து நீங்க நேர்ந்தது. அக்குழுவில் இளம் நடிகையாக இருந்த பினோதினி தாசி இந்நிகழ்ச்சியைத் தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

1876ஆம் ஆண்டுச் சட்டம்

1875ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர்) கொல்கத்தா வந்தார். வழக்கறிஞர் ஜகதானந்த முகர்ஜி அவரைத் தம் இல்லத்தின் அந்தப்புரத்திற்கு அழைத்துச்சென்று குடும்பப் பெண்டிரால் வரவேற்பு அளிக்கச் செய்தார். இது நகரெங்கும் கண்டனத்திற்குள்ளாயிற்று. இதனை எள்ளி நகையாடும் ‘கஜதானந்தனும் இளவரசரும்’ என்னும் அங்கத நாடகம் 1876 பிப்ரவரி 19ஆம் நாள் பெரும் தேசிய நாடக அரங்கில் நடிக்கப்பெற்றது. காவல்துறை தடுத்தபோது அந்நாடகம் வேறு பெயரில் வந்தது. காவல்துறை உயரலுவலர் இருவரின் குடும்பப் பெயர்கள் ஹாக், லாம்ப் என அமைந்திருந்தமையால், அவை ஆங்கிலத்தில் பன்றியையும் ஆட்டுக்குட்டியையும் நினைவூட்டுவதைப் பயன்கொண்டு, பன்றியும் ஆடுமாகிய காவல்துறை என்னும் பொருள்படும் தலைப்பில் மற்றுமோர் அங்கதமும் எழுந்தது.

அரசுத் தலைமை ஆளுநர் நார்த்புரூக் பிரபு 1876 பிப்ரவரி 29ஆம் நாள் அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தார். மார்ச் 4ஆம் நாள் நாடகம் நடந்துகொண்டிருக்கையில் காவலர் அரங்கினுள் புகுந்து இயக்குநர் உபேந்திரநாத் தாசு, மேலாளர் அமிர்தலால் பாசு உள்ளிட்டோரைக் கைது செய்தனர். அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றம் அரச நிந்தனை அன்று; அதற்கு முன்பு நடிக்கப்பெற்ற ‘சுரேந்திர பினோதினி’ ஆபாசமானது என்பதே. கீழ்நீதிமன்றம் இருவர்க்கும் ஒரு மாதச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் நாடக நிகழ்த்துகைச் சட்டம் நிறைவேறியது. முதல் நுழைவுச்சீட்டு விற்ற நாளுக்கும் இச்சட்டத்திற்கும் இடைப்பட்ட காலம் நான்கே ஆண்டுகள்.

இச்சட்டம் அவதூறானவை, அரசின்மேல் வெறுப்பைத் தூண்டுபவை, காண்போரின் ஒழுக்கத்தைக் கெடுப்பவை எனக் கருதப்படும் நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. தடையை மீறுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். குற்றவியல் நடுவரின் ஆணை பெற்ற காவலர் அரங்கினுள் நுழைந்து ஆட்களைக் கைது செய்யவும் உடைகளையும் காட்சிப் பொருள்களையும் கைப்பற்றவும் இடமிருந்தது.

இச்சட்டத்தின் இறுதிப் பிரிவு தனித்த கவனத்திற்கு உரியது. சமய விழாக்களில் நிகழும் ஜாத்ரா முதலிய நிகழ்த்துகைகளுக்குச் சட்டம் பொருந்தாது என அப்பிரிவு விலக்களித்தது. ஊர்ப்புற ஜாத்ராவைக் கண்டோர் தொகை நகர அரங்கினுள் அமர்ந்தோர் தொகையைவிடக் குறைந்ததன்று. ஆகவே ஆட்சியாளர் அஞ்சியது கூட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் அன்று எனத் துணியலாம். விழாவுக்கெனக் கூடும் ஊரார் முன்பே உறவாலும் சமயத்தாலும் பிணைக்கப்பட்டவர்கள். நகர அரங்கில் கூடியோரோ ஊரையும் உறவையும் சாராமல், ஒரு பொதுச்செய்தியைக் காண்பதற்கென்றே வந்தவர்கள். இப்புதுவகைப் பொதுமக்களே சட்டத்தின் இலக்காயினர். சுதேசி இயக்கக் காலத்தில் முகுந்த தாசர் ஜாத்ராவையே அரசியல் மேடையாக்கியபோது, விலக்களிக்கப்பட்ட அவ்வடிவமும் காப்புப் பெறவில்லை. அவர் சிறைப்பட்டார். வடிவம் பழையது, அதன்முன் கூடியோர் புதியவராகிவிட்டனர்.

அரங்கில் நடிகையர்

பொது அரங்கு யாரைப் பார்வையாளராக ஏற்றது என்பதுடன் யாரை நடிகராக ஏற்றது என்பதும் இணைத்துக் காணத்தக்கது. 1873இல் தொடங்கப்பெற்ற ‘வங்காள அரங்கம்’ மதுசூதன தத்தரின் அறிவுரைப்படி நடிகையர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு ‘சர்மிஷ்டா’வுடன் திறக்கப்பட்டது. அவர்கள் கணிகையர் குடியிருப்புகளிலிருந்து வந்தோர். அவருள் ஒருவரான கோலாப், சுகுமாரி தத்தர் எனப் பெயர் பெற்று, 1875இல் தாமே ஒரு நாடக நூலின் ஆசிரியராகவும் அறியப்பட்டார். நடிகையர் வருகையைச் சமூகப் பெரியோர் பலர் கடுமையாக எதிர்த்தனர்.

பினோதினி தாசியின் வரலாறு இதன் முரணை நன்கு காட்டுவது. 1883இல் பீடன் தெருவில் ஸ்டார் அரங்கம் எழுவதற்குக் குர்முக் ராய் என்னும் இளஞ்செல்வர் பொருள் தந்தது பினோதினியை முன்னிட்டே ஆகும். அவர் பெயரின் முதலெழுத்தால் அவ்வரங்கம் வழங்கப்பெறும் என நம்பவைக்கப்பட்ட அவர், பதிவின்போது ‘ஸ்டார்’ எனப் பெயரிடப்பட்டதை அறிந்து வருந்தியதைத் தம் நூலில் எழுதியுள்ளார். கணிகையின் பெயர் தாங்கிய அரங்கிற்கு மக்கள் வாரார் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆனால் அவர் சைதன்யராக நடித்த ‘சைதன்ய லீலை’யைக் காண 1884 செப்டம்பரில் இராமகிருட்டிண பரமஹம்சரே வந்தார். உடலை ஏற்ற அரங்கு பெயரை ஏற்க மறுத்தது. ஹாத்திபாகானில் 1888 முதல் இயங்கிய புதிய ஸ்டார் அரங்கிற்குப் ‘பினோதினி அரங்கம்’ என்னும் பெயர் 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. முதல் அரங்கம் எழுந்து அப்போது நூற்று நாற்பத்தோர் ஆண்டுகள் கடந்திருந்தன.

படமும் காட்சிக்கூடமும்

நாடகம் மாளிகையிலிருந்து தெருவை நோக்கி நகர்ந்த அதே காலத்தில் ஓவியம் எதிர்த்திசையில் பயணம் செய்தது. காளிகாட் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் பட்டுவா ஓவியர் வரைந்து விற்ற படங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நகரின் மிகப் பரந்த காட்சிக்கலையாக விளங்கின. வழிபட வந்த எளியோர் மிகக் குறைந்த விலைக்கு அவற்றை வாங்கிச் சென்றனர். கடவுளர் உருவங்களோடு, நகர வாழ்வின் போலித்தனத்தை எள்ளும் படங்களும் அவற்றுள் அடங்கும்.

1873ஆம் ஆண்டில் படமும் அரங்கும் ஒரே நிகழ்ச்சியைக் கையாண்டன. தாரகேசுவரம் கோயில் மடத்தலைவருடன் தொடர்பு கொண்டாள் எனத் தன் இளம் மனைவி ஏலோகேசியை நவீன் என்பவன் அவ்வாண்டு மே மாதத்தில் அரிவாள்மனையால் வெட்டிக் கொன்றான். வழக்கு நாடெங்கும் பரபரப்பை ஊட்டியது. மடத்தலைவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. வங்காள அரங்கம் இந்நிகழ்ச்சியை நாடகமாக்கி நிகழ்த்தப் பெருங்கூட்டம் திரண்டது. காளிகாட் ஓவியர் அக்கதையைச் சந்திப்பு, கொலை, வழக்கு, சிறை எனத் தொடர்படங்களாக வரைந்து விற்றனர். அரங்கு, தெருக்கடை ஆகிய இரண்டிலும் ஒரே நகர மக்கள் ஒரே செய்தியைக் கண்டு தத்தம் தீர்ப்பை உருவாக்கிக் கொண்டனர்.

இவ்வொற்றுமை நீடிக்கவில்லை. 1854இல் தொழிற்கலைப் பள்ளியாகத் தோன்றிப் பின்னர் அரசுடைமையான கலைப்பள்ளி, ஓவியத்தைப் பயிற்சி பெற்ற கலைஞரின் தொழிலாக்கியது. சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்த ஈ. பி. ஹேவல் 1896இல் கொல்கத்தாப் பள்ளியின் பொறுப்பேற்று, இந்திய மரபை நோக்கி மாணவரைத் திருப்பினார். அவரும் அபனீந்திரநாத் தாகூரும் உருவாக்கிய சூழலில் 1907இல் ‘இந்தியக் கீழைக்கலைக் கழகம்’ தோன்றியது. உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப் முதலிய ஆங்கிலேய உயர்நிலையினரும் வங்கச் செல்வரும் அதன் உறுப்பினர். கழகத்தின் ஆண்டுக் கண்காட்சிகளே நகரின் முதன்மை ஓவிய நிகழ்வுகளாயின.

அக்கழகத்தின் பதினான்காம் ஆண்டுக் கண்காட்சி 1922 டிசம்பரில் நடைபெற்றது. செருமனியின் வைமார் நகரிலிருந்த பௌஹௌஸ் கலைப்பள்ளியைச் சார்ந்த காண்டின்ஸ்கி, கிளே, ஃபைனிங்கர், இட்டன் ஆகியோரின் படைப்புகள் அதில் இடம்பெற்றன. கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் இதற்குத் துணைநின்றார். அவற்றோடு ககனேந்திரநாத் தாகூரின் கனவடிவியல் சார்ந்த ஓவியங்களும் வைக்கப்பட்டன. ஐரோப்பாவிலேயே புதுமை எனப் பேசப்பட்ட ஒரு கலைப்பள்ளியை அது தோன்றிய மூன்றாண்டுகளில் கொல்கத்தா கண்டது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் அதனைக் கண்டோர் வட்டம் மிகச் சிறியது. தாகூர் இல்லத்தின் ‘விசித்திரா’ அவையில் 1917இல் நிகழ்ந்த ‘டாக்கர்’ (அஞ்சலகம்) நாடகத்தில் ஓவியர்களான ககனேந்திரநாதரும் அபனீந்திரநாதரும் அரங்க அமைப்பிலும் நடிப்பிலும் பங்கேற்றமையும் இத்தகையதே. கலைகள் அங்குக் கைகோத்தன, பார்வையாளரோ அழைக்கப்பட்டவர்.

ஓவியக் காட்சியைக் கட்டுப்படுத்த நாடகச் சட்டம் போன்றதொரு தனிச்சட்டம் இக்காலத்தில் எழாமைக்குக் காரணம் இங்கு விளங்கும். காட்சிக்கூடத்தினுள் வந்தோர் ஆட்சியாளர்க்கு அறிமுகமானோர். இதற்கிடையில் மலிவான அச்சுப்படங்களின் போட்டியால் காளிகாட் ஓவியரின் தொழில் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் நலிந்து மறைந்தது. ஜாமினி ராய் அம்மரபின் கோடுகளை மீட்டெடுத்தபோது, அவை தெருக்கடையை நீங்கிக் காட்சிக்கூடச் சுவரை அடைந்திருந்தன.

1943: தெருவே காட்சியானபோது

1942இல் பர்மா சப்பானியர் வசமானமை, அவ்வாண்டு அக்டோபரில் மேதினிப்பூரைத் தாக்கிய புயல், பகைவர் கைப்படக்கூடாதெனப் படகுகளையும் நெல்லையும் அரசு அகற்றியமை, போர்க்கால விலையேற்றம், பதுக்கல் ஆகியவை சேர்ந்து 1943இல் வங்கத்தைப் பெரும்பஞ்சத்தில் ஆழ்த்தின. அரசு அமைத்த விசாரணைக் குழு இறந்தோர் தொகையை ஏறத்தாழ 15 லட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர் அதனை 30 லட்சம் அளவில் மதிப்பிடுவர். நிலமற்ற உழவரும் மீனவரும் கைவினைஞரும் குடும்பம் குடும்பமாகக் கொல்கத்தாவை நோக்கி நடந்தனர். சோறு கேட்பதற்கும் துணிவின்றி வடிகஞ்சி கேட்டு வீட்டு வாயில்களில் நின்ற அவர்கள் நடைபாதைகளில் மாண்டனர்.

போர்க்காலத் தணிக்கை, பஞ்சம் பற்றிய செய்தி வெளிப்படுவதைக் கட்டுப்படுத்தியது. ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழின் ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ், எழுத்திற்கு இருந்த கட்டுப்பாடு ஒளிப்படத்திற்கு இல்லாதிருந்ததைப் பயன்கொண்டு 1943 ஆகஸ்டு 22ஆம் நாள் தெருவில் மடிந்துகொண்டிருந்தோரின் படங்களை வெளியிட்டார். உலகம் பஞ்சத்தை அறிந்தது படத்தின் வழியாகவே.

ஓவியரும் இக்காலத்தில் கூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்தனர். அரசு கலைப்பள்ளி ஆசிரியராக இருந்த ஜைனுல் ஆபெதின் மலிவான பொதிதாளில் கருமையால் பஞ்சக் காட்சிகளை வரைந்தார். காகமும் நாயும் மனிதரும் ஒரே குப்பைக்கு அருகில் நிற்கும் அப்படங்களில் வண்ணமில்லை; பின்னணியும் பெரும்பாலும் இல்லை. சித்தப்பிரசாத் 1943 நவம்பரில் மேதினிப்பூர் மாவட்டத்தில் பயணம் செய்து, கண்டவற்றைப் பெயரும் ஊரும் குறித்து வரைந்தும் எழுதியும் ‘பசித்த வங்கம்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். அதன் 5000 படிகளை அரசு கைப்பற்றி அழித்தது. ஓவியர் குடும்பத்தில் எஞ்சிய ஒரு படியைக் கொண்டே 2011இல் அந்நூல் மறுபதிப்புக் கண்டது.

இந்நிகழ்ச்சி இக்கட்டுரையின் கருத்திற்கு முதன்மையான சான்றாகும். கழகக் கண்காட்சிகள் பல்லாண்டு தடையின்றி நடைபெற்ற நகரில், ஓவியம் அச்சேறி விலைமலிவாய் மக்களிடையே பரவத் தொடங்கியதும் கைப்பற்றப்பட்டது. 1876இல் நாடகத்திற்கு நேர்ந்தது 1943இல் ஓவியத்திற்கு நேர்ந்தது.

அதே 1943இல் ‘கல்கத்தா குழு’ என்னும் ஓவியர் அமைப்புத் தோன்றியது. பிரதோஷ் தாசுகுப்தர், கோபால் கோஷ், பரிதோஷ் சென், நிரோத் மஜும்தார், ரதின் மைத்ரா முதலியோர் அதன் உறுப்பினர். முதல் மூவரும் சென்னைக் கலைப்பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றோர் என்பது தமிழ்நாட்டுக் கலை வரலாற்றோடு இணைத்து எண்ணத்தக்கது. புராணப் பொருள்களிலிருந்து விலகித் தம் காலத்து மனிதரை வரைவதே கலைஞரின் கடன் என்னும் கருத்தை இக்குழு முன்வைத்தது.

‘நவான்னம்’ (1944)

1943 மே மாதத்தில் பம்பாயில் தொடங்கப்பெற்ற இந்திய மக்கள் நாடக மன்றத்தின் வங்கக் கிளை, பிஜன் பட்டாச்சார்யர் எழுதிய ‘நவான்னம்’ நாடகத்தை 1944 அக்டோபர் 24ஆம் நாள் கொல்கத்தா ஸ்ரீரங்கம் அரங்கில் நிகழ்த்தியது. பிஜன் பட்டாச்சார்யரும் சம்பு மித்ராவும் இணைந்து இயக்கினர். ‘நவான்னம்’ என்பது புதிதாக அறுவடையான நெல்லைச் சமைத்து உண்ணும் விழாவின் பெயர். தமிழகத்துப் ‘புதிர்’ உண்ணும் வழக்கம் இதனோடு ஒப்பிடத்தக்கது. அரங்கின் பெயரான ஸ்ரீரங்கம் காவிரிக்கரைத் திருத்தலத்தைக் குறிப்பதன்று. மேடையைக் குறிக்கும் ‘ரங்கம்’ என்னும் சொல்லைக் கொண்டு, புகழ்பெற்ற நடிகர் சிசிர்குமார் பாதுரி நடத்திய அரங்கின் பெயர் அது.

பிரதான் சமாத்தார் என்னும் முதிய உழவனின் குடும்பம் புயலாலும் பஞ்சத்தாலும் சிதைந்து நகரத்தெருவை அடைவதும், எஞ்சியோர் ஊர் திரும்பிக் கூட்டாக அறுவடை செய்து விழாக் கொண்டாடுவதும் இதன் கதை. முதியவராகப் பிஜன் பட்டாச்சார்யரே நடித்தார். பகட்டான வண்ணத்திரைகளுக்கு மாறாகச் சணற்சாக்குத் துணியே பின்திரையாயிற்று. வங்கத்தின் ஏற்றுமதிச் செல்வமாகிய சணலே அவ்வுழவரின் வறுமைக்கும் பின்னணி என்பதை அத்திரை சொல்லாமல் சொல்லியது. ஒரு தனித்தலைவனைச் சுற்றி அமையாமல் பலரின் கூட்டு நடிப்பைச் சார்ந்திருந்தமை தொழில்முறை அரங்கிற்குப் புதுமையாக இருந்தது.

திருமண விருந்து நடக்கும் வீட்டின் வெளியே குப்பைத்தொட்டியில் எச்சில் உணவுக்காக மனிதரும் நாயும் போராடும் காட்சி இந்நாடகத்தில் உண்டு. அக்காட்சியைக் கண்டோர், ஓராண்டிற்கு முன்பு அதனைத் தம் வீட்டு வாயிலிலேயே கண்டவர்கள். ஜைனுல் ஆபெதினின் படத்தில் உள்ளதும் அதுவே. 1873இல் ஏலோகேசி கதையில் ஒன்றுபட்ட படமும் அரங்கும் எழுபது ஆண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் ஒரே தெருவில் சந்தித்தன. முன்னைய சந்திப்பில் நகர மக்கள் பிறர் குற்றத்திற்குத் தீர்ப்பு வழங்கினர். பின்னைய சந்திப்பில் விருந்து நடந்த வீட்டினர் தாமே என்பதை உணர வேண்டியவராயினர். இதுவே ‘நவான்ன’த்தின் வரலாற்று ஆற்றல் எனலாம்.

முடிவுரை

கொல்கத்தாவின் நாடக அரங்கு 1872இல் நுழைவுச்சீட்டின் வழியே பொதுவாயிற்று. நான்காண்டுகளில் அதற்கெனச் சட்டம் எழுந்தது. ஓவியக் காட்சி சிறுவட்டத்தினுள் இருந்தவரை தடையின்றி வளர்ந்தது. 1943இல் அது மக்களிடம் சென்றபோது தடைக்குள்ளாயிற்று. விழாக் கூத்திற்கு விலக்களித்த சட்டத்தின் காலத்திலேயே அக்கூத்தும் அரசியல் பார்வையாளரைப் பெற்றபோது தண்டனை வந்தது. இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின், தடையை வருவித்தது கலையின் வடிவமன்று, ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரு பொதுச்செய்தியைச் சூழ்ந்து கூடும் நிலையே என்பது பெறப்படும்.

அச்சட்டம் விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. 1956இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதனை அரசமைப்பிற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. சென்னை மாகாணத்தில் 1954இல் அதன் வழியில் இயற்றப்பட்ட நாடகச் சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவை என்றது. நாடகவியலாளர் ஞாநி தொடுத்த வழக்கில் அத்தீர்ப்பு வந்தது. மூலச்சட்டம் 2018 சனவரியில்தான் முற்றிலும் நீக்கப்பட்டது.

சட்டம் நீங்கியதால் வாயில் முழுதும் திறந்துவிட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது. ‘நவான்னம்’ யாருடைய கதையைச் சொன்னதோ அவர்கள் ஸ்ரீரங்கம் அரங்கின் இருக்கைகளில் அமர்ந்திருக்கவில்லை. இக்குறையை உணர்ந்தே பாதல் சர்க்கார் 1972 முதல் மேடையும் திரையும் உயர்விலைச் சீட்டும் இல்லாத ‘மூன்றாம் அரங்’கை வளர்த்தெடுத்தார். அதன் தொடக்க நிகழ்வுகள் சில, ஓவியக் கண்காட்சிகளுக்கெனக் கட்டப்பட்ட நுண்கலை அகாதமிக் கட்டடத்தின் மாடி அறையில் நடந்தன. கதீட்ரல் சாலையில் உள்ள அவ்வகாதமியில் காட்சிக்கூடங்களும் நாடக அரங்கும் இன்று ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. படத்தைக் காண வந்தவர் நாடகத்திற்கும், நாடகத்திற்கு வந்தவர் படத்திற்கும் செல்லும் வாய்ப்பு அங்கு உண்டு. அவ்வளாகத்தின் வாயிலைக் கடக்காதோர் யார், ஏன் என்னும் வினாவைக் கொண்டு நகர்க்கலை வரலாற்றை ஆராய்வது இத்துறையில் தொடர வேண்டிய பணியாகும்.